பனிநாட்டு மைதானம் ஒன்றில் புற்றரைச் சீர்திருத்தமும் பாசனமும்

வயலிலும் கொல்லையிலும் புல்லைக் கண்டால் களைக்கொட்டை எடுக்கிற விவசாயிக்கு, ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுந்த புல்லைக் காப்பாற்றுவதற்காகப் பூமிக்குள்ளே வெந்நீர்க் குழாய்கள் பதித்திருக்கும் ஊர் ஒன்று உண்டென்று சொன்னால் வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் அவ்வூரார் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெற்ற அநுபவத்தை உற்று நோக்கினால், அது பெரும்பாலும் ஜலத்தைச் சம்பந்தப்பட்ட விஷயமே என்பது விளங்கும். புல்லைக் கெடுத்தது குளிர் ஒன்றுமட்டுமல்ல. போக வழியின்றி நின்ற நீரும் அதற்குத் துணை செய்தது. வடிகால் இல்லாத நஞ்சையில் பாடுபட்ட எவரும் இவ்விஷயத்தை எளிதில் அறிந்துகொள்வர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்தில், விஸ்கான்ஸின் மாகாணத்தில், மிச்சிகன் ஏரியின் கிளையாகிய ஒரு குடாவின் தலைப்பில் கிரீன்பே என்னும் நகரம் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 44½ பாகையில் உள்ள ஊராதலால் குளிர்காலம் மிகக் கடுமையானது. டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய உஷ்ணநிலை பெரும்பாலும் உறைநிலையாகிய 32 பாரன்ஹீட் டிகிரிக்குக் கீழேயே நிற்கும். மேலே மூடாக்கு இல்லாத பூமி மூன்றடி, நான்கடி ஆழம் வரையில் கல்லைப்போல் இறுகிவிடும்.

இவ்வூரில் பேக்கர்ஸ் என்னும் புட்பால் கட்சி ஒன்று உண்டு. அது தனிப்பட்ட முதலாளி எவருக்கும் சொந்தமானதன்று. 1923-ஆம் ஆண்டு முதல் பொதுஜனங்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஸ்தாபனமாகும். பங்குதாரர் தொகை இப்பொழுது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டது. ஒருவருக்கும் இலாபப் பங்கு கிடையாது. விவசாய நிலமாயிருந்த ஒரு சரிவான பூமியில், ஊரார் வோட்டுப் போட்டு அனுமதித்த கடன்தொகையைக் கொண்டு, 1957-ஆம் ஆண்டில் அக்கட்சிக்கு மைதானம் கட்டப்பட்டது. 1965 முதல் அது லாம்போ மைதானம் என்று பெயர் பெற்றிருக்கிறது. இத்தகைய மைதானத்தில் புல் கெட்டுப்போனால், ஊர்ப் பொதுவான ஏரிக்கரை உடைந்ததற்கு ஒப்பாகவே அங்குள்ள ஜனங்கள் கருதுகின்றனர்.

அமெரிக்கப் புட்பால் என்பது காலால் பந்தை உதைத்து ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவோரை எதிர்க்கட்சியார் மோதித் தள்ளும் ஆட்டம். முந்நூறு இராத்தல் எடையுள்ள ஆட்கள் முளைகள் பதித்த பாதரட்சையுடன் ஒருவரையொருவர் முட்டித் தள்ளும்போது தரை எவ்வாறு கிளறப்படும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆட்டக்காலம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. அதாவது, புல் வளரக்கூடிய மாதங்களில் மைதானம் ஓய்ந்திருக்கும். புல் அடியோடு வளராத மாதங்களில் மிதிபடும். அறுத்தபின் தழைக்காத பயிரை மேலும் மேலும் அறுப்பதைப் போன்ற காரியம் இது. அங்குள்ளவர்களுடைய கஷ்டம் முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்ததே.

மின்சாரக் கம்பியும் பனிக்கட்டியும்

1967-ஆம் ஆண்டில், அப்போது கட்சியின் பயிற்சியாளராயிருந்த வின்ஸ் லம்பார்டியின் ஏற்பாட்டின்பேரில், சுமார் 80,000 டாலர் செலவில் மைதானத்தின் அடியில் மின்சாரக் கம்பிகள் பதிக்கப்பட்டன. தரைக்கு ஆறு அங்குலம் கீழே, ஓரடிக்கு ஒன்றாக அவை ஓடின. பூமி உறையாமல் மிருதுவாக இருந்தால் ஆட்டக்காரர் கால் ஊன்றி நிற்கலாம், விழுந்தாலும் எலும்பு முறியாது என்பது எண்ணம். எண்ணம் தவறானதன்று. ஆனால் அவ்வாண்டின் கடைசி நாளில் நடந்தது வேறு.

1967 டிசம்பர் 31-ஆம் தேதி, அவ்வாண்டின் தலைமைப் பட்டத்துக்காக டல்லாஸ் நகரத்துக் கட்சியுடன் ஆட்டம் நடந்தது. முதல் நாள் தரை நல்ல ஸ்திதியில் இருந்தது. இரவோடிரவாக உஷ்ணநிலை வேகமாக இறங்கி, ஆட்டம் தொடங்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியில் நின்றது; அதாவது உறைநிலைக்கு 45 டிகிரி கீழே. நடுவர்களின் உலோக ஊதல்கள் உதட்டில் ஒட்டிக்கொள்ளவே, அவர்கள் ஊதலை விட்டுவிட்டுக் குரலெடுத்துக் கூவியே ஆட்டத்தை நடத்தினர். இரவு முழுவதும் தரையை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தவுடன், அடியில் தேங்கியிருந்த ஈரம் காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் பனிக்கட்டியாயிற்று. புல்மேல் கண்ணாடி பூசினாற்போல் ஒரு படலம் ஏற்பட்டது. ஆட்டம் முடியப் பதினாறு விநாடி இருக்கையில், பந்தை ஏந்தி ஓடவேண்டியவர்கள் கால் ஊன்ற முடியாமல் வழுக்கிவிடுகிறார்கள் என்று கண்ட தலைவர் பார்ட் ஸ்டார், பந்தைப் பிறரிடம் கொடாமல் தாமே ஏந்திக்கொண்டு எல்லைக்கோட்டுக்குள் விழுந்தார். 21-க்கு 17 என்ற கணக்கில் பேக்கர்ஸ் வென்றனர். வெற்றி கிடைத்தபடியால் ஊரார் அந்நாளைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மைதானத்தைப் பொறுத்தமட்டில் அது தோல்வியே.

கம்பி வேலை செய்யவில்லை என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் கெடுதல் வந்தது உஷ்ணமும் மூடியும் ஒன்று சேர்ந்ததனால்தான். வெதுவெதுப்பான மண்ணிலுள்ள ஈரம் ஆவியாகி மேலே எழுகிறது. தார்ப்பாய் காற்றுப் புகாத துணி. ஆதலால் ஆவி வெளியேறாமல், சோற்றுப்பானை மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்பதைப்போல் பாயின் அடியிலும் புல்லின் மேலும் நீராய்ப் படிகிறது. மூடியை எடுத்ததும், ஆறு அங்குலம் கீழேயுள்ள கம்பியின் சூடு மேலே வந்து சேருமுன் கடுங்குளிர் அந்நீரை உறைய வைத்துவிடுகிறது. உஷ்ணத்துக்குச் செலவு செய்தவர்கள், அது கிளப்பிவிடும் ஈரம் எங்கே போகும் என்ற கேள்விக்கும் விடை தேடியிருக்க வேண்டும். அரைகுறையாகச் செய்த சீர்திருத்தம் சில சமயம் ஒன்றும் செய்யாததைவிடத் தொல்லை கொடுக்கும் என்பதற்கு இது தக்க சாட்சி.

சேறும் புற்பத்தையும்

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் எதிர்மாறான கஷ்டம் வந்தது. 1997 ஜனவரி 4-ஆம் தேதி மழையில் ஒரு முக்கியமான ஆட்டம் நடந்தது. தரை உழுத சேற்றுவயல் ஆயிற்று. அடுத்த ஆட்டம் எட்டே நாளில். ஜனவரி மாதத்தில் விதைத்து முளைக்க வைப்பதென்பது அவ்விடத்தில் நடவாத காரியம். ஆகவே மேரிலாந்து மாகாணத்திலிருந்து மண்ணோடு சீவி எடுத்த புற்பத்தைகளை லாரிகளில் வருவித்துப் பரப்பினார்கள். 12-ஆம் தேதி ஆட்டம் புதிய தரையில் நடந்தது. அகற்றப்பட்ட பழைய புல்லையும் மண்ணையும் பெட்டியில் அடைத்து விற்றபோது ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிச் சென்றனர். அத்தொகை தருமத்துக்குப் போயிற்று. செத்த புல்லுக்கும் சேற்றுக்கும் விலை கிடைத்த சந்தர்ப்பம் உலகில் இதற்கு முன் உண்டோ என்பது சந்தேகம்.

புற்பத்தை பரப்புவதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வளரும் பருவத்தில் முக்கால் அங்குலக் கனமுள்ள பத்தை போதும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வேர் இறங்காது. அப்போது ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கனமாக வெட்டிய பத்தைகளைப் பரப்புவது வழக்கம். அவை வேரால் அல்ல, தங்கள் பாரத்தாலேயே அசையாமல் கிடக்கின்றன. இது அவசரத்துக்கு உதவும் வழியே தவிர நிரந்தரமான சீர்திருத்தமாகாது. மேலும், களிமண்ணில் வளர்த்த பத்தையை மணல் தரைமேல் விரித்தால் அந்தக் களி ஒரு தோல்போல் நின்று மழைநீரைக் கீழே விடாது. எத்தகைய மண்ணின் மேல் விரிக்கப்போகிறோமோ அத்தகைய மண்ணில் வளர்த்த புல்லையே வாங்கவேண்டும். நாற்று வாங்குவோர் நாற்றங்கால் எங்கே என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அவ்வாண்டு வேனிற்காலத்தில், சில்லறை வைத்தியம் போதாது என்று கண்டு, மைதானம் முழுவதும் பெயர்த்துப் புதுப்பிக்கப்பட்டது. வடிகால், பாசனம், உஷ்ணக் குழாய் மூன்றும் புதிதாக ஏற்பட்டன. மின்சாரக் கம்பிகளுக்குப் பதிலாக, உறையாத மருந்து கலந்த ஜலம் ஓடும் குழாய்கள் பதிக்கப்பட்டன. 2007-ஆம் ஆண்டில் தரை மறுபடியும் மாற்றப்பட்டு, இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகள் சேர்த்துத் தைக்கப்பட்டன. 2018-இல் வேறொரு கலப்பு முறையில் இன்னொரு முறை புதுப்பிக்கப்பட்டது. ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை இவ்வேலை வருகிறதென்பதை, நிலத்தை ஒருமுறை திருத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

மணலும் சல்லியும்

இத்தகைய மைதானங்களை அமைப்பதில் வழங்கும் முறை யாதெனில்: முதலில் பழைய மண்ணை ஒன்றரை அடிபோலத் தோண்டி எடுத்து, அடித்தரையைச் சாய்வாக மட்டப்படுத்தி இறுக்குவார்கள். பதினைந்து அடிக்கு ஒன்றாகச் சிறு சால்கள் வெட்டி, துளையிட்ட நாலங்குலக் குழாய்களை அவற்றில் பதித்துச் சல்லியால் மூடுவார்கள். அதன்மேல் நாலங்குலம் பொடிச்சல்லி. அதற்குமேல் பன்னிரண்டு அங்குலம் மணல். சிலவிடங்களில் பீட் என்னும் மக்கிய தாவர மண்ணைச் சிறிது கலப்பதுண்டு. கோல்ப் ஆட்டத் தரைகளுக்காக அமெரிக்கக் கோல்ப் சங்கத்தார் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட திட்டத்திலிருந்து பரவிய ஏற்பாடு இது. களிமண் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஜலத்தைக்கூடச் சில வேளை உறிஞ்சாது. இம்மணல் மணிக்கு ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் உறிஞ்சவேண்டுமென்பது அத்திட்டத்தின் விதி.

மணலில் நீர் நிற்காதே, புல் காய்ந்துபோகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கேதான் அத்திட்டத்தின் சூக்ஷ்மம் இருக்கிறது. மணலின் இடுக்குகள் சிறியவை; சல்லியின் இடுக்குகள் பெரியவை. சிறிய இடுக்கில் பற்றிக்கொண்டிருக்கும் ஜலம் தானாகப் பெரிய இடுக்குக்குள் இறங்காது. மணலின் அடிப்பாகம் தெவிட்ட நனைந்து, மேலிருந்து பாரம் அழுத்தினால்தான் அது சல்லிக்குள் சொட்டத் தொடங்கும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு போட்டால் ஜலம் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் சில்லுக்கு மேலேயுள்ள மண் வெகுநேரம் ஈரமாகவே நிற்கும். தொட்டியில் குறையாகத் தோன்றும் அதே குணம் மைதானத்தில் நன்மையாகிறது. மழை பெய்தால் மிச்சம் வடிந்துவிடும். மழை நின்றால் அடிமணலில் தங்கிய ஈரம் வேருக்குக் கிட்டும்.

ஆதலால் மணலின் ஆழம் மனம்போனபடி இருக்கலாகாது. ஆறு அங்குலமே போட்டால் தங்கிய ஈரம் மேல்வரை எட்டிப் புல் சதுப்பில் நிற்கும். இரண்டடி போட்டால் மேற்பகுதி சுடுமணலாய்ப் போகும். சிக்கனத்தின் பொருட்டு மணலில் கைக்குக் கிடைத்த வண்டல் மண்ணைக் கலந்துவிடும் ஒப்பந்தக்காரர்களால் கெட்ட மைதானங்கள் அநேகம். நூற்றுக்குச் சில பங்கு நுண்மண் சேர்ந்தாலும் இடுக்குகள் அடைபட்டு, செலவிட்ட பணமெல்லாம் வீணாகும். எனவே ஒவ்வொரு லாரி மணலையும் சல்லடையில் சலித்துப் பரீட்சை செய்தபின்னரே கொட்டவிடுவது புத்திசாலித்தனம்.

நீர் தெளிக்கும் விதம்

மணல் தரைக்குப் பாசனம் இன்றியமையாதது. கிரீன்பே போன்ற இடத்திலும் வேனிற்காலத்தில் புல்லுக்கு வாரம் ஒன்றுக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையில் ஜலம் வேண்டும். ஆட்டக்களம் 360 அடி நீளமும் 160 அடி அகலமும் உள்ளது. அதில் ஓரங்குலம் நீர் நிறுத்துவதென்றால் ஏறக்குறைய 30,000 காலன் ஆகிறது. இதை ஒரே தவணையில் கொட்டினால் பாதி வடிகாலுக்குப் போய்விடும். கூடவே உரமும் போகும். இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து, பொழுது விடிவதற்கு முன் தெளிப்பது சிலாக்கியம். அப்படிச் செய்தால் காற்றில் சேதம் குறையும். இலை வெகுநேரம் நனைந்திராமையால் பூஞ்சண நோய்களும் மட்டுப்படும்.

தெளிப்பான்கள் தரைக்குள்ளே அமிழ்ந்திருந்து, ஜலத்தின் அழுத்தத்தால் மேலெழுந்து சுழன்று தெளித்து, முடிந்தவுடன் உள்ளே இறங்கிவிடும். ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை விழும்படி இடைவெளி அமைக்கவேண்டும். நீளத்தை மிச்சம்பிடிக்க இடைவெளியை அகட்டி வைத்தால் நடுவே காய்ந்த திட்டுகள் உண்டாகும். அத்திட்டுகளை நனைக்க அதிக நேரம் தெளிக்க, மற்ற இடங்கள் ஊறிப்போகும்.

மூலைகளில் நேரும் பிழை ஒன்று சாதாரணமாகக் காணப்படுகிறது. நடுவிலுள்ள தெளிப்பான் முழு வட்டம் சுழல்கிறது. மூலையிலுள்ளது கால் வட்டமே திரும்பித் திரும்பி வருகிறது. இரண்டிலும் ஒரே அளவுத் துவாரமுள்ள முனையைப் பொருத்திவிட்டால், மூலை நிலத்துக்கு நான்கு மடங்கு நீர் விழும். அங்கே பாசி பிடித்தும் புல் அழுகியும் போவதைப் பார்த்து நோய் என்று மருந்து தெளிப்பார்கள். முனையை மாற்றினால் நோய் தீர்ந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத பரீட்சை உண்டு. ஒரே அளவான தகரக் குவளைகளைப் பத்தடிக்கு ஒன்றாக நிறுத்தி, கால்மணி நேரம் நீர் தெளித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நின்றதென்று கோலால் அளந்து எழுதவேண்டும். குறைந்த கால்பங்கு குவளைகளின் சராசரி, மொத்தச் சராசரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. விலையுயர்ந்த கருவிகளை நம்பிக் குவளைப் பரீட்சையை அசட்டை செய்தவர்களே பெரும்பாலும் ஏமாந்தவர்கள்.

குளிர் வருமுன் இக்குழாய்களிலுள்ள நீர் முழுவதையும் வெளியேற்றியாக வேண்டும். ஜலம் உறையும்போது சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் பெருகுகிறது. அந்த வேகத்துக்கு எந்தக் குழாயும் நில்லாது. காற்றழுத்தும் யந்திரத்தால் ஒவ்வொரு பிரிவாகக் காற்றைச் செலுத்தி நீரை ஊதித் தள்ளுவார்கள். இதில் வேண்டியது காற்றின் அளவே அன்றி அதிக அழுத்தமன்று. சதுர அங்குலத்துக்கு 80 இராத்தலுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது வழக்கம். நீர் தீர்ந்தபின்னும் ஊதிக்கொண்டேயிருந்தால் தெளிப்பானுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் உராய்ந்து தேய்ந்துபோகும். அடியில் சூடேற்றிய மணல், மேலே பனி கிடந்தாலும், உள்ளே உலர்ந்துகொண்டே வரும். ஆகையால் கடுங்குளிர் மாதங்களிலும் சற்று இளகிய நாள் பார்த்துக் கைக்குழாயால் நீர் காட்ட வேண்டியிருக்கிறது. பனி மூடிய ஊரில் வறட்சியால் புல் வாடுவது விநோதமாகத் தோன்றினும் நடப்பதே.

உஷ்ணக் குழாய்கள்

பாய்லரில் சூடேற்றிய ஜலத்தோடு கிளைகால் என்னும் உறையாத திரவத்தைக் கலந்து, மணலின் அடிப்பாகத்தில் பதித்த குழாய்களில் ஓடவிடுகிறார்கள். வெறும் ஜலமானால், பாய்லர் ஓர் இரவு பழுதுபட்டாலும் மைதானம் முழுவதும் குழாய் வெடித்துவிடும். சூட்டோடு வரும் குழாயும் ஆறித் திரும்பும் குழாயும் அடுத்தடுத்து ஓடும்படி பதித்தால், ஒரு பக்கம் வெதுவெதுப்பும் மறுபக்கம் குளிருமாகப் போகாமல் தரை முழுவதும் சமமாக இருக்கும். பூமி உறைந்தபின் இளக்குவதற்கு ஆகும் செலவு, உறையாமல் காப்பதற்கு ஆகும் செலவைவிட மிக அதிகம். ஆதலால் இலையுதிர்காலத்திலேயே மெல்லத் தொடங்கவேண்டும். வடிகாலின் வெளிவாய் உறைந்து அடைபட்டால் மேற்சொன்ன ஏற்பாடெல்லாம் பயனற்றதாகும். அதனை உறைபனி எட்டாத ஆழத்தில் வைப்பது முக்கியம்.

எவ்வளவு உஷ்ணம் என்பதில்தான் மைதானக் காவலரின் சாமர்த்தியம் தெரியும். குளிர்நாட்டுப் புற்களின் வேர் வளர்வதற்கு 50 முதல் 65 டிகிரி வரை உகந்தது. குளிர் தொடங்கும்போது புல் தன் தூரிலுள்ள ஈரத்தைக் குறைத்துக்கொண்டு, பனியைத் தாங்கும் சக்தியைப் படிப்படியாகப் பெறுகிறது. ஜனவரியில் பூமியை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் அது வசந்தம் வந்ததென்று ஏமாந்து, ஈரத்தை உறிஞ்சி விழித்துக்கொள்ளும். அடுத்த இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது தூருக்குள் இருக்கும் நீர் உறைந்து அணுக்களைக் கிழித்துவிடும். தொடர்ந்து உறைந்து கிடப்பதைவிட, இளகி மறுபடி உறையும் நாட்களே புல்லுக்கு யமன். பசுமையைக் காட்டவேண்டுமென்ற ஆசையால் பாய்லரை முடுக்குவது தவறு. தரை இளகியிருந்தால் போதும். நிறம் எப்படியிருந்தாலும் ஆட்டத்துக்குக் கெடுதலில்லை.

ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரத்திலுள்ள முர்ரேபீல்டு மைதானத்தின் கதையும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அங்கே 1959-ஆம் ஆண்டிலேயே மின்சாரக் கம்பி பதித்தனர். 1991-இல் அதை எடுத்துவிட்டு வெந்நீர்க் குழாய்கள் போட்டனர். உறைபனித் தொல்லை ஒருவாறு நீங்கியது. ஆனால் 2013-ஆம் ஆண்டில் புல் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வந்தது. வேரைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வேரைத் தின்றிருப்பது தெரியவந்தது. வெள்ளைப்பூண்டுச் சாற்றைத் தெளித்துப் பார்த்தும் தரை எதிர்பார்த்தபடி தேறவில்லை. 2014-இல் முழுத் தரையையும் மாற்றி, செயற்கை இழை கலந்த புற்றரை அமைக்கவேண்டியதாயிற்று. மணல் கலந்த பூமி நூற்புழு எளிதில் நடமாட இடந்தருவது. புல்லின் மேற்புறத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டிராமல், மாதம் ஒருமுறையாவது ஒரு கைப்பிடி வேரைத் தோண்டிப் பார்த்திருந்தால் சேதம் இவ்வளவு முற்றியிராது.

புல்லும் இழையும்

லாம்போ மைதானத்தில் வளர்ப்பது பிரதானமாகக் கென்டக்கி புளூகிராஸ் என்னும் புல். அறுகைப்போலப் பூமிக்கடியில் தண்டு ஓடிப் பரவுவது; கிழிந்த இடத்தைத் தானே மூடிக்கொள்வது. குறை என்னவெனில் விதை மிகச் சிறியது. முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ரைகிராஸ் என்னும் புல்லோ ஒரு வாரத்தில் முளைத்துவிடும், ஆனால் தூர்கட்டி நிற்குமேயன்றிப் படராது. கடுங்குளிரையும் அவ்வளவாகத் தாங்காது. ஆட்டக்காலத்தின் நடுவே ஏற்படும் சொட்டைகளுக்கு ரைகிராஸைத் தூவி, வேனிலில் புளூகிராஸைப் பரவவிடுவது பல மைதானங்களில் அநுசரிக்கப்படும் வழி.

2007-இல் சேர்த்த செயற்கை இழைகள் ஊசியால் தைப்பதுபோல் முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு எட்டு அங்குல ஆழம் செருகப்படுகின்றன. வெளியே தெரிவது முக்கால் அங்குலந்தான். மேற்பரப்பில் நூற்றுக்குச் சில பங்கே இழை. மற்றதெல்லாம் உயிருள்ள புல். வேர்கள் இழையைச் சுற்றிப் பின்னிக்கொள்வதால், புல் உறங்கும் மாதங்களிலும் மணல் குலையாமல் நிற்கிறது. ஆயினும் இழை புல்லுக்குப் பதிலாகாது. புல் செத்தால் இழைகள் மிதிபட்டுப் படிந்துவிடும். அறுவடை முடிந்தபின் வயலைச் சீர்செய்வதைப்போல், ஆட்டக்காலம் முடிந்த வசந்தத்தில் இத்தகைய தரைகளின் மேற்பரப்பில் சேர்ந்த மக்கையும் பழைய புல்லையும் யந்திரத்தால் சீவி எடுத்து, இழைகள் வெளித்தெரிய விட்டு, மறுபடி விதைப்பார்கள். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு முதல் மூன்று இராத்தல் புளூகிராஸ் விதை போதும்; ஓர் இராத்தலில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட விதைகள் அடங்கும்.

கடைசியாக வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தேசத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே வெகு தாழ்வாகச் செல்கிறது. 2013-ஆம் ஆண்டில் மைதானத்தின் தென்பக்கத்துப் பார்வையாளர் மாடங்களை உயர்த்திக் கட்டியபின் அப்பகுதியில் நிழல் இன்னும் நீண்டது. வரப்பில் பனைமரம் வைத்தவருக்கு நிழலின் நஷ்டம் தெரியும். இங்கோ எண்பதினாயிரம் பேர் அமரும் மாடம் நிழல் கொடுக்கிறது. மண் வெதுவெதுப்பாயிருந்தும் வெளிச்சமில்லாவிடில் புல் தன் சேமிப்பையே தின்று மெலியும். ஆகையால் சக்கரங்களின் மேல் ஏற்றிய பெரிய விளக்குச் சட்டங்களை நகர்த்தி நகர்த்தி நிறுத்தி, இலையுதிர்காலத்தில் இரவும் பகலும் ஒளி காட்டுகிறார்கள். விளக்கின்கீழ் இலை வளர்ந்தால் நீரும் உரமும் அதற்கேற்பக் கூட்டவேண்டும். நிழலில் நிற்கும் மறுபகுதிக்கு அதே நீரைக் கொடுத்தால் அழுகும். ஒரே ஆட்டக்களத்தில் வடபாதிக்கு ஒரு பாசனமும் தென்பாதிக்கு வேறொரு பாசனமுமாக, வால்வுகளைத் தனித்தனியே பிரித்து வைத்திருப்பது இதன் பொருட்டே.